மசாஜ் மேசையில் வீரருக்குக் கிடைப்பது என்ன?

பாரம்பரிய முறை மசாஜ் விளையாட்டு வீரரின் உடல்திறனையும் மனத்திறனையும் உண்மையிலேயே உயர்த்துமா, போட்டிக்கு முன் செய்துகொள்ளலாமா, பின் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மசாஜ் செய்துகொண்டதால் யாரும் கூடுதல் வேகத்தில் ஓடியதற்கோ கூடுதல் உயரம் தாண்டியதற்கோ நல்ல சான்று இல்லை. ஆனால் நேற்று முழுமூச்சாகப் பயிற்சி செய்தவர் நாளை மறுபடியும் அதே உற்சாகத்தோடு மைதானத்துக்கு வர அது கைகொடுக்கிறது. ஒரு பருவத்தில் நூறு நாள், நூற்றைம்பது நாள் பயிற்சி செய்ய வேண்டியவருக்கு இது சின்ன உதவி இல்லை. பல ஆண்டுகளாக ஓட்ட வீரர்களின் கால்களைக் கையில் எடுத்துப் பார்த்து வரும் இயன்முறை மருத்துவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

விளையாட்டும் மசாஜும் ஒன்றாகவே வளர்ந்தவை. பண்டைய கிரேக்கத்தில் சிறுவர்களுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரைக் குறித்த சொல்லுக்கே 'பிள்ளைகளைத் தேய்த்துவிடுபவர்' என்றுதான் நேர்ப்பொருள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமம் நகரத்தில் வாள்வீரர்களுக்கு மருத்துவராக இருந்த கேலன், பயிற்சிக்கு முன் செய்யும் தேய்ப்பு வேறு, பயிற்சிக்குப் பின் செய்யும் தேய்ப்பு வேறு என்று தெளிவாகப் பிரித்து எழுதினார். மென்மை, நடுத்தரம், கடினம் என்று அழுத்தத்தில் மூன்று, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று அளவில் மூன்று, ஆக ஒன்பது வகை என்பது அவர் கணக்கு. இன்று என்னிடம் வரும் வீரர்களில் பாதிப் பேருக்கு இந்த வேறுபாடு தெரியாது. மசாஜ் என்றால் எல்லாம் ஒன்றுதான், எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தைக் கலைக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாரம்பரிய முறைகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. தாய்லாந்து முறையில் எண்ணெய் கிடையாது. தரையில் விரித்த மெத்தையில், உடுத்திய உடையோடு படுக்க வைத்து, கட்டைவிரலாலும் முழங்கையாலும் அழுத்தி, கைகால்களை இழுத்து நீட்டுவார்கள். 2019-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சீனத்துத் துய்னா, தள்ளுவதையும் பிடிப்பதையும் அடிப்படையாகக் கொண்டது. கேரளத் தற்காப்புக் கலையான களரியின் உழிச்சலில் எண்ணெய் பூசி, மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதத்தாலேயே நீவுவதும் உண்டு. ஸ்வீடிஷ் முறை என்று உலகம் முழுக்க அறியப்படுவது நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வூட்டுதல் என்ற ஐந்து கைவேலைகளைக் கொண்டது. ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் சோதிக்கப்பட்டது இந்தக் கடைசி வகைதான். ஆகவே கீழே நான் தரும் எண்களை மற்ற முறைகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் தோலையும் தசையையும் கை அழுத்தும்போது உடலுக்குள் நடப்பது எல்லா முறைக்கும் ஏறக்குறைய பொதுதான்.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைத் தள்ளி வைத்துவிட வேண்டும். 'தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை மசாஜ் பிழிந்து வெளியேற்றுகிறது' என்பதுதான் அது. பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள், மசாஜ் நிலையங்கள் பலகையில் எழுதி வைக்கின்றன. அது சரியில்லை. கடும் ஓட்டத்தில் சேரும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), வீரர் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும், மெல்ல ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகவே அளந்தது. முன்கைக்குக் கடும் பயிற்சி கொடுத்துவிட்டு மசாஜ் செய்தபோது, கை அழுத்தும் ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாய் நசுங்கி ஓட்டம் தடைபட்டது. சும்மா ஓய்வெடுத்ததைவிட மசாஜில் லாக்டேட் மெதுவாகவே வெளியேறியது. தோல் சிவப்பதையும் சூடாவதையும் பார்த்து, உள்ளே தசையிலும் இரத்தம் பாய்கிறது என்று நினைத்துவிடுகிறோம். சூடு பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது.

மறுநாள் வரும் தசைவலிக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் இறங்கி ஓடும்போதும், எடையைக் கீழே இறக்கும்போதும் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அப்போது நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றைச் சரிசெய்ய உடல் கிளப்பும் அழற்சிதான் 24 மணி நேரத்தில் தொடங்கி 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும் அந்த வலி. மசாஜின் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. 11 இளைஞர்களைக் களைத்து ஓயும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பிறகு ஒரு தொடைக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ், மற்றத் தொடைக்கு ஒன்றும் இல்லை. மசாஜ் முடிந்தவுடனும் இரண்டரை மணி நேரம் கழித்தும் இரண்டு தொடைகளிலிருந்தும் ஊசியால் தசைத்துணுக்கு எடுத்து ஒப்பிட்டார்கள். ஒரே ஆள், ஒரே இரத்தம், ஒரே களைப்பு. இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைப்பது அரிது. மசாஜ் பெற்ற தொடையில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாக உருவாக்கச் சொல்லும் சமிக்ஞை கூடியிருந்தது. லாக்டேட் அளவிலும், தசையில் சேமித்துள்ள சர்க்கரையான கிளைக்கோஜன் அளவிலும் மாற்றம் இல்லை. 2021-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காயப்பட்ட எலித்தசையைச் சிறு இயந்திரத்தால் அளவாக, திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் அந்தத் தசையிலிருந்து அழற்சிச் செல்கள் சீக்கிரம் அகன்றிருந்தன, நார்கள் தடிமனாகி வலுவும் கூடுதலாகத் திரும்பியிருந்தது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழுத்தம் என்ற வெறும் விசையைத் தசை ஒரு செய்தியாக வாசிக்கிறது என்பதை இரண்டு சோதனைகளும் காட்டுகின்றன.

அப்படியானால் மைதானத்தில் என்ன தெரிகிறது? 2020-இல் பிரிட்டனின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 29 ஆய்வுகளை, ஆயிரத்துக்கும் சற்று அதிகமான பங்கேற்பாளர்களை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். வலிமை, தாண்டுதல், குறுந்தூர ஓட்டம், தாக்குப்பிடிக்கும் திறன் ஆகிய எதிலும் மசாஜ் முன்னேற்றம் தந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. வளையும் தன்மை சற்றுக் கூடியது, மறுநாள் தசைவலி சுமார் 13 சதவீதம் குறைந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 99 ஆய்வுகளைத் தொகுத்து ஐஸ் குளியல், அழுத்த உடை, நீட்டிப்புப் பயிற்சி என்று மீட்சிக்கான வழிகளையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்ட இன்னொரு ஆய்வு வந்தது. தசைவலியையும் களைப்புணர்வையும் குறைப்பதில் அந்தப் பட்டியலில் மசாஜ்தான் முதலில் நின்றது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் குழப்பமே இல்லை. கடிகாரம் மாறுவதில்லை, உடம்பு மாறியதாக உணர்கிறது.

இந்த 'உணர்கிறது' என்பதைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு காட்சியைச் சொல்கிறேன். 400 மீட்டர் தடை ஓட்ட வீராங்கனை ஒருவர், மாலையில் கடுமையான தொடர் ஓட்டங்களை முடித்துவிட்டு என் மேசையில் குப்புறப் படுத்தார். வலது கெண்டைக்கால் இறுகிப்போயிருந்தது. விரல் வைத்ததும் பாதம் தானாகவே துள்ளியது. அழுத்தவில்லை. உள்ளங்கையை மட்டும் கணுக்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை மெதுவாக, ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நிமிடம் அவர் மூச்சு மேல்மார்பிலேயே நின்றது. அப்புறம் ஒரு நீண்ட பெருமூச்சு. அதற்குப் பின் முதுகு அகன்று அகன்று எழுந்து தாழ்ந்தது. உள்நோக்கித் திரும்பியிருந்த பாதம் வெளியே சாய்ந்து, மேசை விளிம்பில் கனமாகத் தொங்கியது. அப்போதுதான் கட்டைவிரலை உள்ளே இறக்கினேன். ஐந்து நிமிடத்துக்கு முன் கல்லாக எதிர்த்த அதே இடம் இப்போது விலகி வழிவிட்டது. என் விரல் அந்தத் தசையைப் 'பிரித்துவிடவில்லை'. நரம்பு மண்டலம் காவலைத் தளர்த்தியது, அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் தெரிந்ததே. ரோமம் உள்ள தோலில், மெல்லிய வருடலுக்கு மட்டுமே விழித்தெழும் நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை நன்றாகச் செயல்படுகின்றன, அதைவிட வேகமாகத் தேய்த்தால் அடங்கிவிடுகின்றன. அவை கொண்டுசெல்லும் செய்தி, மூளையில் உடலின் நலவுணர்வைக் கணிக்கும் பகுதிக்குப் போகிறது. தொடுதலைக் கொண்டுசெல்லும் தடிமனான நரம்பிழைகள் வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே அடக்க முடியும் என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் முன்வைத்த 'வாயில் கொள்கை'யும் இங்கே பொருந்தும். மூன்றாவதாக, கெண்டைக்காலைப் பிசையும்போது அந்தத் தசையைச் சுருங்கத் தூண்டும் தண்டுவட அனிச்சைச் செயல் தணிகிறது. கையை எடுத்ததும் விரைவிலேயே அது பழையபடி ஆகிவிடுகிறது.

மனத்தைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் கார்டிசாலைத்தான் இழுக்கிறார்கள். மன அழுத்த ஹார்மோனான அதை மசாஜ் தடாலடியாக இறக்கிவிடும் என்ற பேச்சு உண்டு. பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்க்கும் தொகுப்பாய்வுகளில் அந்த இறக்கம் மிகச் சிறியதாகவோ இல்லாததாகவோதான் தெரிகிறது. ஆனால் பதற்றம் குறைவது உறுதியாகவே தெரிகிறது. 37 ஆய்வுகளைத் தொகுத்த 2004-ஆம் ஆண்டுக் கட்டுரையில், ஒருமுறை மசாஜ் அந்த நேரத்துப் பதற்றத்தையும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைத்தது. தொடர்ந்து செய்துகொண்டவர்களிடம் இயல்பாகவே உள்ள பதற்றமும் மனச்சோர்வும், உளவியல் சிகிச்சையில் குறைவதற்கு ஒப்பான அளவில் குறைந்தன.

குத்துச்சண்டை வீரர்கள் எட்டுப் பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்த சோதனையொன்று 2000-இல் வெளியானது. குத்துச் சுற்றுகளின் ஒரு தொடருக்கும் அடுத்த தொடருக்கும் நடுவே ஒருநாள் மசாஜ், இன்னொரு நாள் வெறும் ஓய்வு. மசாஜ் கிடைத்த நாளில் 'நன்றாக மீண்டுவிட்டேன்' என்று வீரர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். குத்தின் விசையை அளந்தபோது இரண்டு நாளும் வேறுபாடு இல்லை. 161 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்தை முடித்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையிலும் இதே கதைதான். 72 பேரில் மசாஜ் பெற்றவர்களுக்கு அன்றைய களைப்பும் வலியும் குறைந்தன, பின்னாட்களில் ஓடிய 400 மீட்டர் நேரம் மற்றவர்களைப் போலவே இருந்தது.

இதைத் தோல்வி என்று நான் வாசிப்பதில்லை. பயிற்சி என்பது உடலால் மட்டும் நடப்பதில்லை. கால் கனக்கிறது என்ற நினைப்போடு வருபவர் முதல் சுற்றிலேயே அடியைச் சுருக்கிவிடுகிறார், வலிக்கும் காலைக் காப்பாற்ற மறுகாலில் பாரத்தைப் போடுகிறார். இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் கவனம் சிதறுகிறது. வலியும் பதற்றமும் குறைந்து, நன்றாகத் தூங்கி எழுந்து வந்தால் அன்றைய பயிற்சி முழுமையாக நடக்கிறது. ஒருநாள் சோதனையில் இது எண்ணாகத் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. போட்டிக்கு முந்தைய நாட்களில் எல்லோரும் வீரரிடம் எதையாவது எதிர்பார்க்கிறார்கள். அந்த மேசையில் மட்டும் அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பலர் அங்கேதான் தங்கள் காயத்தைப் பற்றிய உண்மையைச் சொல்கிறார்கள், பயிற்சியாளரிடம் சொல்லாததைக்கூட.

எப்போது செய்வது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். போட்டிக்குச் சற்று முன் நீண்ட நேரம் ஆழமாகப் பிசைவதை நான் அனுமதிப்பதில்லை. மேலே சொன்ன தளர்ச்சி அப்போது பாதகமாகிவிடும். 20 மீட்டர் ஓட்டத்தில் இதைச் சோதித்தபோது, வழக்கமான உடற்சூடேற்றத்துக்குப் பதிலாக மசாஜ் மட்டும் பெற்றவர்கள் மெதுவாகவே ஓடினார்கள். உடற்சூடேற்றத்தோடு மசாஜும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆகவே போட்டி நாளன்று தேவையென்றால் ஐந்து, பத்து நிமிடம், வேகமான, மேலோட்டமான தேய்ப்பும் தட்டலும் போதும். அதையும் உடற்சூடேற்றத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பதற்றத்தில் கை நடுங்கும் வில்வித்தை வீரருக்கோ துப்பாக்கி சுடுபவருக்கோ நிதானமான நீவல் பலன் தரலாம். வெடித்துக் கிளம்ப வேண்டிய ஓட்டக்காரருக்கு அது வேண்டாம்.

போட்டி முடிந்தபின் முதலில் மெல்ல நடந்து, தண்ணீர் குடித்து, உடல் சூடு தணியட்டும். ஓரிரு மணி நேரத்துக்குள் மென்மையாக நீவிவிடலாம். ஆழமான வேலையை அடுத்த நாளுக்கோ ஓய்வு நாளுக்கோ தள்ளிவைப்பது நல்லது. நீண்ட நேரம் செய்தால் பலனும் கூடும் என்று நினைக்க வேண்டாம். 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் 5 முதல் 12 நிமிடச் சிறு மசாஜ்களே நீண்டவற்றைவிட மேலான பலன் காட்டின. முரட்டு அழுத்தத்தைத் தாங்கிக்கொள்வது வீரம் ஆகாது. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கினால் தசையும் அழுத்தத்தை எதிர்த்து இறுகிவிடும், பலன் அங்கேயே போய்விடும். மூச்சு சீராக ஓடும் அளவுக்கு மேல் அழுத்தம் போகக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு.

செய்யவே கூடாத இடங்களும் உண்டு. தசை கிழிந்து, அடிபட்டு இரத்தம் கட்டியிருக்கும்போது முதல் மூன்று நாள் அந்த இடத்தைப் பிசையக் கூடாது. இரத்தக் கசிவு கூடும். தொடையில் பலமாக அடிபட்ட இடத்தைக் கசக்கினால் தசைக்குள் எலும்பு வளரும் அபாயமும் இருக்கிறது. 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று வீங்கிய கணுக்காலை வெடுக்கென்று இழுத்துவிட்டு, உள்ளே எலும்பு முறிந்திருந்தது பிறகு தெரிய வந்த நிலையில் ஓர் இளம் கூடைப்பந்து வீரர் என்னிடம் வந்தார். தேறிவர அவருக்கு ஒரு பருவம் முழுக்கப் போய்விட்டது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால், அதுவும் நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் என்றால், காலின் உள்ளே இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். மசாஜ் அந்தக் கட்டியைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும். அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். கழுத்தைச் சடக்கென்று திருப்புவதை எந்த மரபின் பெயரால் செய்தாலும் அனுமதிக்காதீர்கள். மூளைக்குப் போகும் தமனியின் சுவர் கிழிந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. அளவுமீறிய முரட்டு மசாஜுக்குப் பின் தசை சிதைந்து, சிறுநீர் கருத்துப்போன நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன.

கடைசியாக எண்ணெய். பாரம்பரிய முறைகளில் எண்ணெயும் தைலமும் முக்கிய இடம் வகிக்கின்றன. மென்தால், மீதைல் சாலிசிலேட் கலந்த தைலங்கள் குளிர்ச்சியும் எரிச்சலும் தந்து வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகின்றன. தாய்லாந்துக் குத்துச்சண்டை வீரர்கள் களமிறங்கும் முன் பூசிக்கொள்வது இந்த வகைதான். அவற்றில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்டவர் என்றால், மசாஜ் செய்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பது உங்கள் பொறுப்பு. டென்னிஸ் வீரர் யானிக் சின்னருக்கு நடந்ததை நினைவில் வையுங்கள். அவருடைய இயன்முறை மருத்துவர் தன் விரல் வெட்டுக்காயத்துக்கு ஒரு ஸ்பிரே அடித்துக்கொண்டு, கையுறை இல்லாமல் அவருக்கு மசாஜ் செய்தார். அந்த ஸ்பிரேயில் குளோஸ்டிபால் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு இருந்தது. 2024 மார்ச்சில் இரண்டு சோதனைகளில் சின்னரின் உடலில் அதன் மிக நுண்ணிய அளவு தென்பட்டது. வேண்டுமென்றே செய்யவில்லை என்று விசாரணை ஏற்றுக்கொண்டது. இருந்தும் 2025 பிப்ரவரியில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவர் மூன்று மாதம் விலகியிருக்க நேர்ந்தது. உலகின் முதல் இடத்தில் இருந்தவருக்கே இந்த நிலை. பெயர்ச்சீட்டு இல்லாத தைலத்தையும், உட்பொருள் சொல்லப்படாத மூலிகை எண்ணெயையும் உடலில் பூச விடாதீர்கள். செய்பவரின் கையில் காயம் இருந்தால் அதற்கு என்ன மருந்து போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். அதற்குக் கூச்சம் வேண்டாம்.

நீங்கள் இதுவரை மசாஜே செய்துகொண்டதில்லை என்றால், முக்கியமான போட்டி வாரத்தில் தொடங்காதீர்கள். பயிற்சிப் பருவத்தின் நடுவில், எளிதான நாளுக்கு முந்தைய மாலையில், இருபது நிமிடத்தோடு ஆரம்பியுங்கள். மறுநாள் காலையில் படிக்கட்டு இறங்கும்போது தொடை என்ன சொல்கிறது, இரவு எப்படித் தூங்கினீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். நான்கைந்து முறை இப்படிக் குறித்தால் எந்த அழுத்தம், எந்த நாள், எவ்வளவு நேரம் உங்கள் உடலுக்கு ஒத்துவருகிறது என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். அடுத்த முறை மேசையில் படுக்கும் முன் அதைச் செய்பவரிடம் காட்டுங்கள்.